அம்பேல் சொன்னால் ஆட்டம் நிற்க வேண்டும்

புதுப்பட்டினத்திலிருந்து வேலைக்குப் போகும் அப்பா அம்மாக்களுக்கு,

கல்பாக்கம் அணுமின் நிலையத்துக்கும் ஆராய்ச்சி மையத்துக்கும் ஷிஃப்ட் பஸ் ஏறுகிறவர்கள், கான்ட்ராக்டர் வாங்கிக் கொடுத்த பாஸை வாசலில் காட்டி உள்ளே போகிறவர்கள், பழைய மகாபலிபுரம் சாலை ஐ.டி. அலுவலகங்களுக்கு விடியற்காலையில் கிளம்புகிறவர்கள், பஜாரில் துணிக்கடையிலும் பாத்திரக்கடையிலும் இரவு ஷட்டர் இறங்கும்வரை நிற்கிறவர்கள், எல்லாருக்கும் சேர்த்துத்தான் இந்த மடல். நேரில் பேச ஆசைதான். ஒரு வீட்டில் தூங்கும் நேரம் அடுத்த வீட்டில் வேலைக்குக் கிளம்பும் நேரமாக இருக்கிற ஊர் இது. எல்லாரையும் ஒரே திண்ணையில் உட்காரவைக்க வழியில்லை. அதனால் எழுதுகிறேன்.

பிள்ளைகளின் விளையாட்டைப் பற்றியும் உங்கள் வேலையிடத்தைப் பற்றியும் பேசவேண்டும். இரண்டையும் ஒரே மடலில் வைப்பதற்குக் காரணம் உண்டு.

மாலையில் தெருவில் ஓடிப்பிடித்து ஆடும் பிள்ளைகளைக் கொஞ்சநேரம் நின்று பாருங்கள். ஒருத்திக்குச் செருப்பு வார் அறுந்துவிடும். ஒருவனுக்கு முள் குத்தும், அல்லது விலாப்பக்கம் பிடித்துக்கொள்ளும். உடனே ‘அம்பேல்’ என்று கத்திவிட்டு நின்றுவிடுவான். துரத்தி வந்தவன் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பான். ஒரு தட்டுத் தட்டினால் அவன் அவுட். தட்டமாட்டான். உனக்கு நிஜமாகவே வலிக்கிறதா, எங்கே முள்ளைக் காட்டு, ரத்தம் வந்திருக்கிறதா என்று எந்த விசாரணையும் கிடையாது. ஆட்டம் நின்றுவிடும். சொன்னவன் ரெடி என்றால் மறுபடி ஓட்டம். ஆட்டத்திலேயே மிகச் சின்னப் பிள்ளை சொன்னாலும் இதேதான் நடக்கும்.

இதைப் பொய்யாகச் சொல்கிற பிள்ளையும் உண்டு. பிடிபடப்போகிற நேரமாகப் பார்த்து அம்பேல் சொல்லித் தப்பிப்பான். மற்றவர்கள் அவனை விடுவதில்லை. அழுகுணி ஆட்டம் என்பார்கள், சட்டையைப் பிடிப்பார்கள், இனிமேல் உனக்கு ரெண்டு தடவைதான் என்று வரம்பு கட்டுவார்கள். ஆனால் ஒருவன் ஏமாற்றுகிறான் என்பதற்காக இனி யாருக்குமே அம்பேல் கிடையாது என்று எந்தத் தெருக் கூட்டமும் முடிவெடுத்து நான் பார்த்ததில்லை. அப்படி முடிவெடுத்தால் நிஜமாகவே முள் குத்தியவனும் ஓடியாக வேண்டும் என்பது அந்த வயதிலேயே அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

இந்தச் சட்டத்தை அவர்களுக்கு எழுதிக்கொடுத்தது யார்? பெரியவர்கள் யாரும் இல்லை. இங்கிலாந்தில் ஐயோனா ஓப்பி, பீட்டர் ஓப்பி என்ற தம்பதியர் ஊர் ஊராகப் பள்ளிப் பிள்ளைகளின் வழக்கங்களைச் சேகரித்து 1959இல் ஒரு பெரிய நூலாகப் போட்டார்கள். ஆட்டத்தை நிறுத்துவதற்கென்று அந்த நாட்டின் ஒவ்வொரு வட்டாரத்துப் பிள்ளைகளும் தனித்தனிச் சொல் வைத்திருந்ததை அவர்கள் குறித்திருக்கிறார்கள். அவிழ்ந்த ஷூ கயிறு, மூச்சிரைப்பு என்று காரணங்கள்கூட நம் தெருவில் உள்ளவைதான். அதற்கு முன்பே, 1932இல், உளவியல் அறிஞர் பியாஜே கோலியாடும் சிறுவர்களிடம் விதிகளைக் கேட்டுக் கேட்டு ஒரு நூல் எழுதினார். சின்னப் பிள்ளைகள் விதி என்பது மேலேயிருந்து வந்தது, மாற்றமுடியாதது என்று நினைக்கிறார்கள்; பத்துப் பன்னிரண்டு வயதாகும்போது, நாம் கூடிப் பேசி வைத்ததுதான் விதி, எல்லாரும் ஒப்புக்கொண்டால் மாற்றலாம் என்று புரிந்துகொள்கிறார்கள் என்பது அவர் கண்டது. அந்தப் புரிதல் ஒருவருக்கொருவர் சமமாக ஆடி ஆடித்தான் வருகிறது. நாம் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்து வருவதில்லை.

இப்போது உங்கள் வேலையிடத்துக்கு வருகிறேன்.

நம் வீட்டு மொட்டைமாடியில் நின்றால் தெரிகிற சென்னை அணுமின் நிலையம் முழுக்க நம் நாட்டிலேயே கட்டி எழுப்பப்பட்ட முதல் அணுமின் நிலையம். முதல் உலை 1984 ஜனவரியிலும் இரண்டாவது 1986 மார்ச்சிலும் வணிக உற்பத்தியைத் தொடங்கின. அந்த உலைகளில் கனநீர்தான் நியூட்ரான்களின் வேகத்தைத் தணித்துத் தொடர்வினையை நடக்கவைக்கிறது. வெப்பமோ அழுத்தமோ எல்லை தாண்டினால் அந்தக் கனநீர் அடியில் உள்ள தொட்டிக்குள் கொட்டிவிடும்; தொடர்வினை அதோடு நின்றுவிடும். ஒரே அளவைப் பார்க்க மூன்று தனித்தனிக் கருவிகள் இருக்கும். மூன்றில் இரண்டு சொன்னால் போதும். அந்த நேரத்தில் ஊருக்கு எவ்வளவு மின்சாரம் தேவை, நிறுத்தினால் எத்தனை கோடி நஷ்டம், மேலதிகாரி என்ன சொல்வார் என்றெல்லாம் கருவியோடு யாரும் வாதாட முடியாது. மூன்றாவது கருவி ஏன் ஒத்துக்கொள்ளவில்லை என்பதை உலை நின்ற பிறகு நிதானமாக ஆராயலாம்.

கட்டியவர்களின் அறிவை இதில் நான் மனதார மதிக்கிறேன். தவறான எச்சரிக்கையால் வீணாகும் சில மணிநேரத்தைவிட, சரியான எச்சரிக்கையைக் கேட்காமல் விடுவது ஆபத்து என்று முடிவுசெய்து, அதைக் குழாயிலும் வால்விலும் எழுதிவைத்தார்கள். கருவிக்குக் கொடுத்த இந்த மரியாதையை, அதே வளாகத்தில் வேலை செய்கிற மனிதருக்குக் கொடுக்கிறோமா என்பதுதான் என் கேள்வி.

2003 ஜனவரி 21 உங்களில் பலருக்கு நினைவிருக்கும். இளையவர்கள் கேள்விப்பட்டிருக்கவே மாட்டீர்கள். கல்பாக்கத்தில் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் மறுசுத்திகரிப்பு ஆலை இருக்கிறது. அங்கே ஒரு வால்வு பழுதாகி, மிகுந்த கதிரியக்கம் கொண்ட கழிவு, குறைந்த கதிரியக்கக் கழிவு இருக்கவேண்டிய தொட்டிக்குள் போய்விட்டது. அது தெரியாமல் வழக்கம்போல அந்தத் தொட்டியிலிருந்து மாதிரி எடுத்தார்கள். ஆறு ஊழியர்கள், ஓர் ஆண்டுக்கு அனுமதிக்கப்பட்ட அளவைப் பலமடங்கு தாண்டிய கதிர்வீச்சை வாங்கிக்கொண்டார்கள். கதிர்வீச்சு ஏறுகிறது என்று அலறியிருக்க வேண்டிய கருவி அந்த இடத்தில் பொருத்தப்பட்டிருக்கவில்லை. சில நாட்களில் ஊழியர் சங்கம் பாதுகாப்புக் கோரிக்கைகளை எழுதி நிர்வாகத்திடம் கொடுத்தது. முழுநேரப் பாதுகாப்பு அலுவலர் ஒருவர் வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. விஷயம் வேலைநிறுத்தம்வரை போனது. முன்னால் நின்றவர்களில் சிலர் இடமாற்றம் செய்யப்பட்டார்கள். வளாக வேலிக்கு இந்தப் பக்கம் குடியிருக்கும் நமக்கு முறையான விவரம் தெரியவர மாதக்கணக்காயிற்று.

அணுசக்தி வேண்டுமா வேண்டாமா என்ற விவாதத்துக்குள் இந்த மடல் போகவில்லை. அதைப் பற்றி நம் ஊரில் ஒரே வீட்டுக்குள் இரண்டு கருத்து இருக்கிறது, இருக்கட்டும். நான் கேட்பது சின்ன விஷயம். வால்வு பழுதாவது எந்த ஆலையிலும் நடக்கும். பழுதைப் பற்றிப் பேசியவர்களுக்கு ஊர் மாற்றம் கிடைத்தால், அடுத்தமுறை ஒன்றைக் கவனிக்கிற இளைஞன் வாயைத் திறப்பானா? அவனுக்கும் வீட்டு வாடகை, ஸ்கூல் ஃபீஸ், ஊரில் அம்மா எல்லாம் இருக்கிறதே.

இதே கதை உலகத்திலேயே பெரிய இடங்களிலும் நடந்திருக்கிறது. 1986 ஜனவரி 27 இரவு, அமெரிக்காவில் சேலஞ்சர் விண்ணோடத்தின் ராக்கெட்டுகளைச் செய்த நிறுவனத்தின் பொறியாளர்கள், இந்தக் குளிரில் ரப்பர் வளையங்கள் இறுக்கிப் பிடிக்காது, நாளைக்கு ஏவவேண்டாம் என்று தொலைபேசிக் கூட்டத்தில் மன்றாடினார்கள். பாதுகாப்பானது என்று நிரூபித்தால்தான் ஏவலாம் என்பது வழக்கம். அன்று அது தலைகீழாயிற்று; ஆபத்து என்பதை நீங்கள் நிரூபியுங்கள் என்று பொறியாளர்களைக் கேட்கிற நிலை வந்தது. அவர்களிடம் கவலை இருந்தது, அரைகுறைத் தரவு இருந்தது, அறுதியான நிரூபணம் இல்லை. மறுநாள் காலை ஏவிய 73ஆவது வினாடியில் விண்ணோடம் சிதறியது; அதிலிருந்த ஏழு பேரும் போனார்கள்.

முள்ளைக் காட்டு என்று நம் தெருப் பிள்ளைகள் கேட்பதில்லை என்று சொன்னேனே, அதை ஒரு பெரிய அறிவாக நான் மதிப்பது இதனால்தான். நிறுத்தச் சொல்பவரிடம் ஆதாரம் கேட்க ஆரம்பித்தால் நிறுத்தும் உரிமை அங்கேயே செத்துவிடுகிறது. ஆபத்து நடந்து முடிந்த பிறகுதான் முழு ஆதாரம் கிடைக்கும்.

சட்டத்திலும் இந்த அறிவு கொஞ்சம் இருந்தது. போபால் விஷவாயு விபத்துக்குப் பிறகு, 1987இல், தொழிற்சாலைகள் சட்டத்தில் 41-எச் என்றொரு பிரிவைச் சேர்த்தார்கள்: உடனடி ஆபத்து வரும் என்று நியாயமாக அஞ்சும் தொழிலாளி அதை நிர்வாகத்தின் கவனத்துக்குக் கொண்டுவரலாம், நிர்வாகம் உடனே நடவடிக்கை எடுக்கவேண்டும். போபாலின் பிணங்களுக்கு மேல் எழுதப்பட்ட பிரிவு அது. நம் பகுதியில் எத்தனை மேஸ்திரிகள் அதைக் கேள்விப்பட்டிருப்பார்கள் என்று தெரியவில்லை. பஜாரில் நிற்கிறவர்கள் விஷயம் இன்னும் வேதனை. வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் கடைப்பணியாளர் உட்காரலாம் என்பதற்கே நம் மாநிலத்தில் 2021இல் ஒரு சட்டத்திருத்தம் தேவைப்பட்டது. கால் வலிக்கிறது என்று ஒரு பெண் சொன்னால் போதும் என்றிருந்தால் சட்டமன்றம்வரை ஏன் போகப்போகிறது?

ஐ.டி.க்காரர்கள் இதெல்லாம் ஆலை சமாச்சாரம் என்று புரட்டிவிடாதீர்கள். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனம் அனுப்பிய பழுதான ஒரு அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. விமானங்கள் நின்றன, ஆஸ்பத்திரிகள் தடுமாறின. முதலில் கொஞ்சம் கணினிகளுக்கு மட்டும் அனுப்பிப் பார்த்திருந்தால் பெரும்பாலும் அங்கேயே பிடிபட்டிருக்கும். வெள்ளிக்கிழமை இரவு ரிலீஸ் போயே ஆகவேண்டும் என்று எல்லாரும் நிற்கும்போது, போன மாதம் சேர்ந்த டெஸ்டர் பெண் ‘எனக்கு இது சரியாகப் படவில்லை’ என்று சொன்னால் உங்கள் அறையில் என்ன நடக்கிறது? அவள் முகத்தைப் பார்த்துக் கேட்கிறீர்களா, கடிகாரத்தைப் பார்க்கிறீர்களா?

கான்ட்ராக்ட் தொழிலாளர்களைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். தெரு ஆட்டத்தில் ‘ஒப்புக்குச் சப்பாணி’ என்று ஒரு இடம் உண்டு. அண்ணன் பின்னாலேயே வந்துவிட்ட நாலு வயசுத் தம்பியைச் சேர்க்காமல் விட்டால் அழுவான். அதனால் சேர்த்துக்கொள்வார்கள், ஆனால் அவனுக்கு அவுட் கிடையாது. ஓடலாம், கத்தலாம், தப்பு செய்தால் கணக்கில் வராது. பலவீனமானவனுக்குக் கூடுதல் பாதுகாப்பு என்பது அதன் பொருள். நம் வேலையிடங்களில் இது அப்படியே கவிழ்ந்து கிடக்கிறது. கணக்கில் சேராத ஆள்தான் உயரத்தில் ஏறுகிறான், தொட்டிக்குள் இறங்குகிறான். பிகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து நம் ஊர் அறைகளில் எட்டுப் பேராகத் தங்கியிருக்கும் பையன்களுக்கு ‘நிறுத்து’ என்று தமிழில் சொல்லவும் தெரியாது. நிரந்தர வேலையில் இருக்கிற தம்பிமாரே, தங்கைமாரே, உங்களை வேலையை விட்டு அனுப்புவது கடினம். அவர்களை அனுப்ப ஒரு போன் போதும். அவர்களுக்காக நிறுத்தச் சொல்லும் வாய் உங்களுடையதாக இருக்கவேண்டும். காலையில் வேலை தொடங்குமுன் டூல்பாக்ஸ் மீட்டிங் என்று பத்து நிமிஷம் நிற்கவைத்துப் பேசுகிறீர்கள் அல்லவா, அதில் ஒரு வாக்கியம் இந்தியில் சேர்த்துக்கொள்ளுங்கள்: யாருக்குச் சந்தேகம் வந்தாலும் கையைத் தூக்கலாம், கூலி பிடிக்கமாட்டோம். சொன்னால் போதாது, முதல் ஆள் கையைத் தூக்குகிற அன்று பிடிக்காமல் இருக்கவும் வேண்டும்.

ஏனென்றால் சொல்கிறவரைவிடக் கேட்கிறவர்தான் முக்கியம். சுனாமியைக் கண்ட ஊர் நம்முடையது, அதனால் இதைச் சொல்கிறேன். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமைக் காலை. கடல்நீர் பம்ப் அறைக்குள் ஏறியதும், ஓடிக்கொண்டிருந்த இரண்டாவது உலை நிறுத்தப்பட்டுப் பத்திரமான நிலைக்குக் கொண்டுவரப்பட்டது. எச்சரிக்கை வந்தது, நிறுத்தினார்கள். அதே காலையில் அணுமின் நிலைய ஊழியர்கள் குடியிருக்கும் நகரியத்திலும் பக்கத்து மீனவர் குப்பங்களிலும் மனிதர்கள் செத்தார்கள். கரைக்கு எந்த எச்சரிக்கையும் வரவில்லை. அதே நாளில் தாய்லாந்தின் ஃபுக்கெட் தீவில், பத்து வயது ஆங்கிலேயச் சிறுமி டில்லி ஸ்மித் கடல் நுரைத்துக்கொண்டு வருவதைப் பார்த்தாள். இரண்டு வாரம் முன்புதான் பூகோள வகுப்பில் சுனாமி பற்றிப் படித்திருந்தாள். அம்மாவிடம் கத்தினாள், அம்மாவுக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. அவள் விடவில்லை. அப்பா போய்க் காவலரிடம் சொன்னார், கரை காலியாயிற்று. அந்தக் கடற்கரையில் யாரும் சாகவில்லை. அந்தச் சிறுமியை உலகமே பாராட்டியது, சரிதான். ஒரு பத்து வயதுப் பிள்ளை பேச்சைக் கேட்டு விடுமுறைக்கு வந்த கூட்டத்தையே எழுப்பிவிட்ட அந்த அப்பாவையும் காவலரையும் நான் அதே அளவு மதிக்கிறேன். அவள் பேச்சு தவறாக இருந்திருந்தால் அன்று அவர்களுக்குக் கிடைத்திருப்பது திட்டுத்தான்.

இந்தக் காது வேலைக்குச் சேர்ந்த பிறகு முளைப்பது மிகவும் அரிது. அம்பேல் சொல்லியும் அம்பேலுக்கு நின்றும் வளர்ந்த பிள்ளைக்குத்தான் அது இருக்கும் என்று நம்புகிறேன். அதனால்தான் உங்கள் பிள்ளைகளின் மாலைநேரம் எனக்கு இவ்வளவு பெரிய விஷயமாகப் படுகிறது.

அந்த மாலைநேரம் எங்கே போயிற்று என்று உங்களுக்கே தெரியும். பாதி டியூஷனுக்கு, பாதி போனுக்கு. போனை நான் வெறுக்கவில்லை. ஷிஃப்ட்டில் இருக்கும் அப்பாவின் முகத்தைப் பிள்ளை வீடியோவில் பார்ப்பது நல்ல விஷயம். ஆனால் போனில் ஆடும் கூட்டு ஆட்டங்களைக் கவனியுங்கள்: சாப்பிட வா என்று அம்மா கூப்பிட்டால், ‘இப்ப நிறுத்தமுடியாதும்மா, பாதியில விட்டா பாயின்ட் போயிடும்’ என்கிறான். பொய் சொல்லவில்லை. நிறுத்துகிறவனுக்குத் தண்டனை தரும்படிதான் அந்த ஆட்டத்தைச் செய்திருக்கிறார்கள். எதிரே ஆடுகிறவனுக்கு மூச்சு வாங்குகிறதா, அழுகிறானா என்று தெரியாது. விதியில் சந்தேகம் என்றால் சண்டை போட்டுத் தீர்க்க ஆளில்லை; மெஷின் அவுட் என்றால் அவுட். பப்ஜி என்ற போன் ஆட்டத்தை 2020 செப்டம்பரில் தடை செய்தார்கள், பிள்ளைகள் அடுத்த ஆட்டத்துக்குப் போனார்கள். தடை ஒரு வழியில்லை. நிறுத்தமுடியாத ஆட்டத்துக்கு எதிரில் நிறுத்தமுடிகிற ஆட்டம் ஒன்று தெருவில் இருந்தாக வேண்டும்.

உங்கள் போனிலும் அதே ஆட்டம் நடக்கிறதே. இரவு பதினொன்றுக்கு சூப்பர்வைசர் வாட்ஸ்அப் குழுவில் போடுகிற செய்தி, நீல டிக் விழுந்தபின் பதில் சொல்லாமல் இருக்கிற பயம், தூங்கும் பிள்ளைக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டு அனுப்புகிற ‘ஓகே சார்’. குழுவில் அதிகாரியாக இருக்கிறவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: உயிர்ப் பிரச்சினை இல்லாத எதையும் ஷிஃப்ட் முடிந்தவருக்கு அனுப்பாதீர்கள். தூக்கம் கெட்டவர் மறுநாள் வால்வுக்கு முன்னால் நிற்கப்போகிறார்.

விளையாட இடம் எங்கே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நகரியத்துக்குள் மைதானங்கள் இருக்கின்றன. வேலிக்கு இந்தப் பக்கம் காலியாகக் கிடந்த மனையெல்லாம் வாடகை அறைகளாகவும் லாட்ஜுகளாகவும் எழும்பிவிட்டன. கிழக்குக் கடற்கரைச் சாலையை அகலப்படுத்திய பிறகு அந்தப் பக்கத்துப் பிள்ளை இந்தப் பக்கம் வருவதே பெற்றோருக்கு நடுக்கம். பள்ளிக்கு விளையாட்டு மைதானம் இருக்கவேண்டும் என்று 2009இன் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. விளையாட்டு குழந்தையின் உரிமை என்று சொல்லும் ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா 1992இலேயே சேர்ந்துவிட்டது. இவற்றையெல்லாம் வைத்துக்கொண்டு, தெருவில் பந்து வீட்டுக்குள் விழுந்தால் பந்தைக் கிழித்துப்போடுகிறவர்களும் நாம்தான்.

கோச் வைத்து, யூனிஃபார்ம் தைத்து, மாதம் இவ்வளவு என்று கட்டி அனுப்பும் கிரிக்கெட் அகாடமி இதற்கு ஈடாகாது. அங்கே விசில் கோச்சிடம் இருக்கிறது. ஆட்டத்தை நிறுத்தும் அதிகாரம் பிள்ளைகள் கையில் இருக்கிற இடமாக வேண்டும். அதற்குப் பெரிய செலவு இல்லை: ஒரு துண்டு நிலம், ஒரு விளக்கு, கூப்பிடு தூரத்தில் தலையிடாமல் உட்கார்ந்திருக்க ஒரு பாட்டியோ தாத்தாவோ. தாத்தா பாட்டிகள் நாங்கள் தயார்.

நிலத்துக்குக் கிராம சபையில் தீர்மானம் போடலாம். நம் மாநிலத்தில் ஆண்டுக்கு ஆறு முறை அது கூடுகிறது. அதில் ஒன்று மே முதல் நாள். தொழிலாளர் தினம், உங்களில் பலருக்கு விடுமுறை. பொது இடமாகக் கிடக்கிற புறம்போக்கில் வேலி போடாத ஒரு துண்டைப் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கவேண்டும், மாலை ஐந்திலிருந்து ஏழுவரை அதையொட்டிய தெருவில் வண்டி விடக்கூடாது என்று இரண்டு வரிகள் எழுதிவைத்திருக்கிறேன். கையெழுத்துகள் வேண்டும். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். எந்த இடம் வேண்டும் என்று அவர்களைத்தான் முதலில் கேட்கவேண்டும். அன்று ஷிஃப்ட் விழுந்தால் யாரிடமாவது மாற்றிக்கொள்ளுங்கள். மாற்றமுடியாதவர்கள் தீர்மானத் தாளை முதல் நாளே என்னிடம் வாங்கிக் கையெழுத்திட்டுக் கொடுத்துவிடலாம்.

அன்புடன்,
உங்கள் தெருவாசி